புதிய பாணர்

சென்னையின் மேற்கெல்லையில், பூவிருந்தவல்லியை அடுத்துக் குமணன்சாவடி என்னும் ஊர் இருக்கிறது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். குமணன் என்பது முதிர மலைக்குத் தலைவனாய் விளங்கிய பழந்தமிழ் வள்ளலின் பெயர். வள்ளலின் பெயரும் வழிப்போக்கர் தங்கும் இடத்தின் பெயரும் இணைந்து ஓர் ஊர்ப்பெயராய் விளங்குவதைக் காணும்போது, பழந்தமிழ்ப் பாணரின் நினைவு எழுவது இயல்பே. வள்ளல்களை நாடி வழி நடந்தவர்களுள் பாணரினும் மிக்கார் யார்?

பாணர் தனித்துச் சென்றாரல்லர், குழுவாகவே சென்றனர். யாழ் இசைப்போர் ஒருவர், முழவு கொட்டுவோர் ஒருவர், பாடுவோர் சிலர், ஆடும் விறலியர் சிலர். இவர்கள் தம் கருவிகளைப் பைகளில் இட்டுச் சுமந்து, காடும் மலையும் கடந்து சென்றனர். பத்துப்பாட்டில் நான்கு பாட்டுகள் இத்தகைய கலைஞர்க்கு வழி காட்டுவனவாகவே அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் சுமந்து சென்ற இசைக்கருவிகளைத் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்திக் கூறுகிறது. எனவே, இளைஞர் சிலர் கூடிக் கருவிகளைச் சுமந்து ஊர் ஊராய்ச் சென்று பாடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று.

குமணன் தன் நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் வாழ்ந்தபோது, பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் அவனை நாடிச் சென்றார். கொடுப்பதற்குப் பொருள் ஒன்றும் இல்லாத குமணன், தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருந்தமையால், அத்தலையைக் கொய்து சென்று பொருள் பெறுமாறு கூறி வாளைப் புலவர் கையில் தந்தான். கலையைப் போற்றியவர்களின் பெருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. எல்லாப் புரவலரும் குமணராதல் இல்லை. புரவலரையே நம்பி வாழும் கலைஞர், புரவலர் விரும்புவதையே பாட வேண்டிய நிலைக்கு உள்ளாவர்.

வாயிலுக்கு வெளியே நின்றவர்

குமணன்சாவடியிலிருந்து தெற்கே சில கல் தொலைவில் குன்றத்தூர் உள்ளது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. அந்நூலில் இசையோடு தொடர்புடைய அடியார் இருவரின் வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒருவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். திருஞானசம்பந்தர் பாடிய பாடல்களை யாழில் இசைத்த பெருமையுடையவர். அத்தகையவரும் மதுரைத் திருக்கோயிலின் வாயிற்புறத்தே நின்றுதான் யாழ் இசைத்தார். இறைவன் ஆணையிட்ட பின்னரே அவர் உள்ளே அழைத்துச் செல்லப்பட்டார். மற்றொருவர் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனார். கோயில்களின் முரசுக்கும் பேரிகைக்கும் வேண்டிய தோலையும், யாழுக்கும் வீணைக்கும் வேண்டிய நரம்பையும் தந்தவர் அவர். அவர் தந்த தோலில் எழுந்த ஓசை கோயிலின் உள்ளே ஒலித்தது. அவரோ வெளியே நின்றார்.

கருவியின் ஓசைக்கு இடம் உண்டு. கருவியைச் செய்தவருக்கு இடமில்லை. பல நூற்றாண்டுகள் இந்நிலை நீடித்தது. பறையைச் சாவு வீட்டுக்கு உரியதென்று ஒதுக்கியதும், அதனை முழக்கியோரைத் தாழ்ந்தோர் என்று தள்ளியதும் இதன் தொடர்ச்சியே ஆகும். தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணியபோது யாழோடு பறையையும் சேர்த்தே எண்ணினார். அப்பறை மீண்டும் மேடையேறிய வரலாறு, சென்னையில் தோன்றிய இளைஞர் இசைக்குழு ஒன்றின் வரலாறாகவும் விளங்குகிறது. அதனை அறிவதற்கு முன், இத்தகைய குழுக்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிதல் வேண்டும்.

தனித்தியங்கும் இசைக்குழு

ராக் இசை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது. அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் தம் துயரையும் உழைப்பையும் பாடிய 'புளூஸ்' என்னும் இசையே அதற்கு வேர். சக் பெரி போன்ற கறுப்பினக் கலைஞர் மின் கிதாரை முதன்மையாக்கி அவ்விசைக்குப் புதிய வேகம் தந்தனர். ஒடுக்கப்பட்டோர் இல்லங்களில் பிறந்த இசை, பின்னர் உலக இளைஞர் அனைவரின் இசையாயிற்று.

இக்குழுக்களின் அமைப்பு எளியது. கிதார், அடித்தொனி தரும் பேஸ் கிதார், டிரம்ஸ், குரல் ஆகிய நான்கும் இருந்தால் குழு அமைந்துவிடும். கிதாரில் ஆறு கம்பிகள் உண்டு. பேஸ் கிதாரில் பெரும்பாலும் நான்கு. கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பேஸ் கிதாரின் தாழ்ந்த கம்பியோ அதன் பாதி அளவே, அஃதாவது ஏறத்தாழ 41 முறையே அதிரும். மின் கிதாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் அமைந்துள்ளன. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் தோன்றுகிறது. அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்குச் செலுத்தினால், விரல் நுனியின் சிறு அசைவு ஒரு திடலையே நிரப்பும் ஓசையாகிறது.

எளிய கருவிகளைக் கொண்டு இளைஞர் என்ன சாதிக்க இயலும் என்பதற்கு இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு சிறந்த எடுத்துக்காட்டு. 1957 ஜூலை 6-ஆம் நாள் லிவர்பூல் நகரின் ஒரு தேவாலயத் திருவிழாவில் ஜான் லெனன் தம் பள்ளித் தோழர்களோடு பாடினார். அவருக்கு வயது 16. அன்று அவரைச் சந்தித்த பால் மெக்கார்ட்னிக்கு வயது 15. அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். 1960-இல் அவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்று, இரவுதோறும் பல மணி நேரம் இடைவிடாது இசைத்துப் பயிற்சி பெற்றனர். 1962-ஆம் ஆண்டின் முதல் நாளில் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவர்களது இசையைக் கேட்டது. பின்னர் வேண்டாமென்று ஒதுக்கியது. அவர்கள் சோர்ந்து விடவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ரிங்கோ ஸ்டார் வந்து சேர, அக்டோபரில் அவர்களது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பின்னர் அவர்களை அறியாத நாடில்லை. திருவிழா மேடையிலிருந்து முதல் இசைத்தட்டு வரை ஐந்தாண்டு உழைப்பு இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

நாளடைவில், பெரிய நிறுவனங்களைச் சாராது தம் பாடல்களைத் தாமே எழுதி, தாமே பதிவு செய்து, தாமே மக்களிடம் கொண்டு செல்லும் குழுக்கள் பெருகின. இளைஞர் இவற்றை 'இண்டி' குழுக்கள் என்பர். இந்தியாவிலும் 1990-இல் டில்லியில் 'இந்தியன் ஓஷன்', 2003-இல் கேரளத்தில் 'அவியல்' எனச் சில குழுக்கள் தோன்றித் தம் மண்ணின் பாடல்களை ராக் இசையோடு இணைத்தன. தமிழ்நாட்டில் இவ்வழி சற்றுக் கடினமாகவே இருந்தது. 1931-இல் 'காளிதாஸ்' என்னும் பேசும் படம் வெளிவந்த காலந்தொட்டு, பாட்டு என்றால் திரைப்பாட்டு என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. பழங்காலப் பாணர்க்கு மன்னர் புரவலராய் இருந்ததுபோல, இக்காலப் பாடகர்க்குத் திரையுலகமே புரவலராயிற்று. கதைக்கு ஏற்பவே பாட்டு அமைய வேண்டும். தம் தெருவின் கதையைப் பாட விரும்புவோர்க்கு இடம் அரிதாயிற்று.

குழுவின் பிறப்பு

ஆவடியை அடுத்த கர்லப்பாக்கத்தில் பிறந்தவர் பா. இரஞ்சித். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்று, பின்னர்த் திரைப்பட இயக்குநராய்ப் புகழ் பெற்றவர். அவர் நிறுவிய நீலம் பண்பாட்டு மையம், ஒடுக்கப்பட்ட மக்களின் கலைகளை அனைவர் முன்னிலையிலும் கொண்டுவர விரும்பியது. மறுபுறம், 'குரங்கன்' என்னும் தமிழ்க் குழுவில் இசைத்து வந்த தென்மா, திரைப்படம் சாராத தமிழிசைக்கு இடம் தேடிக் கொண்டிருந்தார். 2017-இல் இருவர் நோக்கமும் ஒன்றுபட்டன. நீலம் பண்பாட்டு மையமும் 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' அமைப்பும் கைகோத்து ஒரு குழுவை உருவாக்க முனைந்தன.

கலைஞரைத் தேடும் பணி தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாடியும் இசைத்தும் காட்டினர். அவர்களுள் 19 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கானா பாடுவோர், பறை முழக்குவோர், தாளக்கருவி இசைப்போர், கிதார் மீட்டுவோர், சொல்லடுக்கி விரைந்து பாடும் ராப் பாடகர் எனப் பல திறத்தினரும் அதில் இருந்தனர். அவர்களுள் பலர் அதுவரை சாவு வீட்டு வாயில்களிலும் தெருமுனைகளிலும் பாடியவர்கள்.

குழுவிற்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயரிட்டனர். சாதியற்றோர் குழு என்பது அதன் பொருள். இப்பெயர் வெறும் அழகுக்காகச் சூட்டப்பட்டதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த பேரறிஞர், சித்த மருத்துவர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைச் சென்னையில் தொடங்கி நடத்தியவர். தமிழரைச் சாதியற்றவர் என்று அழைத்த அவரது சிந்தனையிலிருந்தே குழுவின் பெயர் எடுக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் ஓர் அறிஞர் இதழில் எழுதிய கருத்தை, இளைஞர் மேடையில் பாட முற்பட்டனர்.

கருவிகளின் ஒற்றுமை

பல ஊர்க் கருவிகளை ஒரு மேடையில் இணைத்தல் எளிய செயலன்று. பறை என்பது மரச் சட்டத்தின்மேல் தோலை இழுத்துக் கட்டிய கருவி. ஒரு கையில் பருத்த குட்டைக் குச்சியும், மறுகையில் மெலிந்த நீண்ட குச்சியும் கொண்டு அதனை முழக்குவர். முழக்குமுன் வைக்கோலையோ சருகையோ மூட்டித் தீயில் காய்ச்சுவர். வெம்மையால் தோலின் ஈரம் நீங்கி அது இறுகும். இறுகிய தோல் விரைந்து அதிர்ந்து உயர்ந்த ஓசை தரும். காற்றில் ஈரம் மிகுந்தால் தோல் தளரும், ஓசை தாழும். சென்னையின் கடற்காற்று இதற்கு நல்ல பகை. கிதாரின் சுருதியோ முறுக்காணியைத் திருகினால் சரியாகிவிடும். ஒன்று நெருப்பை நாடும் கருவி. மற்றொன்று மின்சாரத்தை நாடும் கருவி.

ஓசையின் அளவிலும் வேறுபாடு உண்டு. பறை ஒலிபெருக்கி இன்றியே தெருவைக் கடந்து கேட்கும். கிதாரோ பெருக்கினாலன்றிக் கேளாது. இரண்டுக்கும் இடையே பாடுவோரின் சொல் தெளிவாய்க் கேட்க வேண்டும். ஆதலின் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஒலிவாங்கி அமைத்து, ஒலியைக் கூட்டியும் குறைத்தும் இணைக்கும் பொறியாளர் ஒருவர் இன்றியமையாதவர். அவர் மேடையில் தோன்றுவதில்லை; ஆயினும் அவரும் குழுவில் ஒருவரே.

இவற்றினும் கடினமானது மனிதர் இணைவது. முறையாக இசை பயின்றவர் ஏட்டின் வழியே கற்றிருப்பார். கானா பாடுபவர் செவி வழியே கற்றிருப்பார். வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே வளர்ந்தது கானா. இறந்தவரை எண்ணி இரவெல்லாம் பாடிய பாட்டு அது. மேசையும் பானையும் தீப்பெட்டியும்கூட அதற்குத் தாளக்கருவிகள் ஆகும். இவ்விரு வகையினரும் ஒருவர் முறையை மற்றவர் மதித்துக் கற்றாலன்றிக் குழு நில்லாது. ஒருவர் தம் கருவியின் ஓசையைத் தாமே தாழ்த்திக்கொண்டு மற்றவர் குரல் கேட்குமாறு செய்வதே இசைக்குழுவின் முதல் ஒழுக்கம்.

முதல் மேடை

2018 ஜனவரி 6-ஆம் நாள் மாலை, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் குழுவின் முதல் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டிருந்தனர். அது மார்கழி மாதம். நகரின் சபாக்களில் இசைவிழா நிகழும் காலம். அதே நகரில், அதே மாதத்தில், பறையும் கிதாரும் இணைந்து ஒலித்தன. சாதிக் கொடுமை, இடஒதுக்கீட்டின் தேவை, கழிவுநீர்க் குழிகளில் மாளும் தொழிலாளரின் துயரம், மெட்ராஸ் நகர மக்களின் மகிழ்ச்சி ஆகிய யாவும் அங்குப் பாட்டாயின. கேட்டவருள் பலருக்குத் தம் தெருவின் மொழி மேடையில் ஒலித்தது அதுவே முதன்முறை.

அப்பாடல்களில் சினம் உண்டு, நகை உண்டு, ஆட்டமும் உண்டு. அறிவுரையை மட்டும் கூறினால் கேட்போர் சிலரே. ஆட வைத்துக்கொண்டே சிந்திக்க வைத்தால் கேட்போர் பலர். இதனை அக்குழுவினர் நன்கு உணர்ந்திருந்தனர். எனினும் அவர்கள் பாடிய கருத்துகள் எல்லார்க்கும் உவப்பாய் இருக்கவில்லை. இசையில் இவற்றையெல்லாம் பாடலாமோ என்று வினவியோரும் உண்டு. துன்பம் உற்றவர் தம் துன்பத்தைப் பாடாமல் வேறெதனைப் பாடுவர் என்பதே அதற்கு விடை.

குழுவில் மலர்ந்தோர்

நல்ல குழு ஒன்று தன் உறுப்பினர் ஒவ்வொருவரையும் உயர்த்தும். வடசென்னையில் பிறந்த இசைவாணி, இசைக்கலைஞரான தம் தந்தையாரோடு சிறு வயதிலேயே மேடையேறியவர். கானா ஆடவர்க்கே உரியது என்றிருந்த வழக்கத்தை மாற்றி, அதனைத் துணிந்து பாடினார். 2020-இல் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது.

அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, கவிதை எழுதும் ஆர்வத்தால் குழுவில் சேர்ந்து, ராப் பாடகராய் வளர்ந்தார். 2019-இல் 'தெருக்குரல்' என்னும் பாடல் தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், தீ என்னும் பாடகியுடன் அவர் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டியாரின் வாழ்வே அப்பாட்டின் கரு. திரைப்படம் ஒன்றிலும் இடம்பெறாத பாட்டு அது என்பது குறிப்பிடத்தக்கது.

2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவைத் தொடங்கியது. பறை, கானா, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாடல் ஆகியவை பாடும் கலைஞர் பலர் அதில் மேடையேறினர். ஒரு குழுவிற்குக் கிடைத்த மேடை, பல கலைஞர்க்கு உரிய மேடையாய் விரிந்தது.

இடர்ப்பாடுகள்

இத்தகைய குழுக்களின் வாழ்வு எளியதன்று. பயிற்சிக்கு இடம் வேண்டும். கருவிக்கும் பதிவிற்கும் பொருள் வேண்டும். நால்வர் கொண்ட குழு ஒரு சிற்றுந்தில் பயணம் செய்துவிடும். பத்தொன்பதின்மர் குழுவோ பேருந்தே வேண்டும் என்னும். நிகழ்ச்சியில் கிடைக்கும் பொருளை அத்தனை பேரும் பகிர்ந்துகொண்டால் ஒருவர் கைக்கு வருவது சிறிதே. ஆதலின் உறுப்பினர் பலர் வேறு தொழில் செய்தே கலையை வளர்க்க நேர்கிறது. பாடலை யார் எழுதினர், யார் இசையமைத்தனர், வருவாயில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வரைந்துகொள்ளாத குழுக்கள் புகழ் வந்தபின் பூசலுக்கு உள்ளாதல் உண்டு. வறுமையில் ஒன்றுபட்டு நிற்பது எளிது; வளத்தில் ஒன்றுபட்டு நிற்பதே அரிது.

இக்காலக் குழுக்களுக்கு ஒரு நன்மையும் வாய்த்துள்ளது. பாட்டைப் பதிவு செய்து இணையத்தின் வழியே அன்றே உலகின் எப்பகுதிக்கும் அனுப்பலாம். அரசனின் வாயிலிலோ நிறுவனத்தின் வாயிலிலோ காத்து நிற்க வேண்டுவதில்லை. ஆயிரம் பேர் சிறிது சிறிதாய்த் தரும் ஆதரவே இன்று புரவலரின் கொடைக்கு ஈடாகிறது. மக்களே குமணராகும் காலம் இது எனலாம். ஆயினும் மக்களின் மனம் எளிதில் மாறக்கூடியது. இன்று போற்றிய பாட்டை நாளை மறக்கக்கூடும். அதனை நிலைபெறச் செய்வன உண்மையும் உழைப்புமே ஆகும்.

பறைக்குத் தோல் தந்தவர் வெளியே நின்ற காலம் ஒன்று இருந்தது. அத்தோலின் ஓசையைத் தம் ஓசையென்று உரிமையோடு முழக்கி, அவர் வழிவந்தோர் மேடையின் நடுவே நின்றமை 2018-ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுதில் நிகழ்ந்தது. அம்மேடையில் பறை கிதாருக்கு இடம் தந்தது. கிதார் பறைக்கு இடம் தந்தது. இரண்டும் பாடுவோரின் சொல்லுக்கு வழிவிட்டன. கருவிகள் கற்றுக்கொண்ட அவ்வொழுக்கத்தை மனிதரும் முழுதும் கற்றுக்கொள்ளும் நாளே, குழுவினர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் பொருள் நிறைந்ததாகும் நாள்.